வருவதற்கு ஐந்து காரணங்கள்

ஹாப்கின்ஸ், பெலிஸ்
2 மே 2009

அன்புத் தங்கை லாலிக்கு,

இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. நானும் என் கண்ணாடியும் ஒருவாறு இருக்கிறோம். நீயும் மகள் ரோசாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் இருப்பவை:

1. கடல்
2. காடு
3. நம் பேச்சு
4. சாப்பாடு
5. வழி
6. மற்றவை

முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய பாடத்தை எண்ணிட்டு எழுதிப் பழகிவிட்டேன். இப்போது கடிதத்துக்கும் அப்படி எழுதினால்தான் கை நகர்கிறது. பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். ஊரில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதன் செயலாளர் தோர்லா என்னிடம் படித்தவள். போன வாரம் வீட்டுக்கு வந்து, "நம்ம நாட்டுக்கு ஏன் வரணும்னு அஞ்சு காரணம் எழுதிக் குடுங்க சார், ஒரு பக்கம் போதும்" என்றாள். நான் பதினொரு பக்கம் எழுதினேன். அவள் நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு, "இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க லீவு முடிஞ்சிடும்" என்று சொல்லிப் போய்விட்டாள். சுருக்கியதை உனக்கு அனுப்புகிறேன். வரக்கூடியவர்கள் மத்தியில் வாழ்கிறவள் நீ. சரியாக இருக்கிறதா என்று சொல்.

ஒன்று, கடல். பவளப்பாறை நமக்கு ஒரு நீண்ட மதில். பெரிய அலைகள் அங்கேயே உடைந்துவிடுவதால் கரைக்கு வரும் தண்ணீர் சாதுவாக வருகிறது. இந்த மாதப் பௌர்ணமியில் மீன்கள் கூட்டமாக முட்டையிடும்போது, லாரி நீளத்துக்கு ஒரு சுறா வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். யாரையும் கடிக்காது. அதன் முதுகைத் தொட்டிருப்பதாக நம் தம்பி இனாசி சொல்வான். பொய்யாகவும் இருக்கலாம்.

இரண்டு, காடு. மலையடிவாரத்தில் நம் ஊர்ப் புலியான ஜாகுவாருக்கென்று ஒதுக்கிய காட்டுக்கு வெளிநாட்டார் நிறையப் போகிறார்கள். ஒருவரும் புலியைப் பார்ப்பதில்லை. சேற்றில் கால்தடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புகிறார்கள். மணல் ஈயைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். தோர்லா அடித்துவிட்டாள். உண்மையை மறைக்கிறோமோ என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மூன்று, நம் பேச்சு. ஒரே மொழியில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் உலகில் வேறெங்கும் உண்டா, எனக்குத் தெரியவில்லை. தன்னைக் குறித்து ஆண் 'அவு' என்பான், பெண் 'நுகுயா' என்பாள். எங்கள் ஊரில் ஓர் ஆண் 'நுகுயா' என்று சொல்லமாட்டான் என்று முடித்திருக்கிறேன்.

நான்கு, சாப்பாடு. இடித்த வாழைக்காயும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும். இதற்கு விளக்கம் உனக்கு வேண்டாம்.

ஐந்து, வழி. வருவது எளிது. இரண்டு விமானம், ஒரு பேருந்து, கையில் ஒரு பாஸ்போர்ட். அவ்வளவுதான்.

ஆறாவது, மற்றவை.

இனாசிக்கு ஜனவரியிலிருந்து கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. நகரத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தோம். எலும்பிலும் இல்லை, நரம்பிலும் இல்லை, பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அறுபத்திரண்டு வயதில் படகை ஒற்றை ஆளாக மணலில் இழுத்தவன், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர்கள் இழுப்பதைப் பார்க்கிறான். பெரியப்பா மகள் பெர்னதின் என்னைக் கேட்காமலே குறி பார்க்கிற மிஸ் பெத்ராவை அழைத்து வந்தாள். போய்ச் சேர்ந்த இடத்தில் அம்மா பசியோடு இருக்கிறார், இறந்தவர்களுக்கு விருந்து படைக்கும் தூகுச் சடங்கு கேட்கிறார், தன் மூன்று பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்கிறார். மிஸ் பெத்ரா சொன்னது இது. சடங்கு வீட்டுக்குக் கூரை வேய ஆரம்பித்துவிட்டார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி தொடக்கம்.

இதை நான் நம்புகிறேனா என்று கேட்காதே. நம்பவில்லை என்று உரக்கச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. இனாசி நம்புகிறான். நீ வந்தால் எழுந்து நடப்பேன் என்கிறான்.

முடிந்தால் வா.

உன் அண்ணன்,
தாசியோ


லாஸ் ஏஞ்சலஸ்
23 மே 2009

என் அன்பு அண்ணா,

கடிதம் பதினேழு நாளில் வந்து சேர்ந்தது. உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததுமே நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று விரல்களைப் பார்த்துக்கொண்டேன். உன்னிடம் படிக்காத நானே இப்படி என்றால், படித்தவர்களின் கதி என்ன?

உன் ஐந்து காரணங்களையும் மிசஸ் ஹால்பர்னுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். நான் பார்த்துக்கொள்ளும் அம்மாள், தொண்ணூற்றொரு வயது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "பாத்ரூம் வீட்டுக்குள்ளேயா, வெளியிலயா?" ஆறாவது காரணமாக அதைச் சேர்த்துக்கொள் என்று தோர்லாவிடம் சொல்.

சுறாவைத் தொட்டதாக இனாசி சொல்வது பொய்தான். எனக்கும் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொன்னபோது வாலைத் தொட்டிருந்தான்.

அவன் காலைப் பற்றி எழுதியதை மட்டும் மூன்று தடவை படித்தேன். தேய்க்க எண்ணெயும் இறுக்கமான காலுறை இரண்டு ஜோடியும் அனுப்புகிறேன். காலுறையைக் காலையில் எழுந்திருக்கும் முன்பே போட்டுவிட வேண்டும், வீங்கிய பிறகு ஏறாது. யாராவது ஒருவர் தினமும் அவன் கால்களை மடக்கி நீட்ட வேண்டும். வலிக்கிறது என்பான், விடாதே.

ஆகஸ்டில் வருவது கஷ்டம் அண்ணா. மிசஸ் ஹால்பர்ன் வேறு யாரையும் குளிப்பாட்ட விடுவதில்லை. எனக்கும் முழங்கால் சரியில்லை, விமானத்தில் அவ்வளவு நேரம் மடக்கி உட்கார முடியாது. ரோசாவின் சிறுநீரகச் சிகிச்சை உனக்குத் தெரியும், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்த வருடம் பார்க்கலாம். அம்மா இத்தனை வருடம் பொறுத்தார், இன்னும் ஒரு வருடம் பொறுக்கமாட்டாரா?

தூகுவுக்கு உடை தைக்கத் துணி அனுப்புகிறேன். என் அளவையும் சேர்த்துத் தைக்க வேண்டாம்.

உன் தங்கை,
லாலி


ஹாப்கின்ஸ்
14 ஜூன் 2009

அன்புத் தங்கை லாலிக்கு,

எண்ணெயும் காலுறையும் துணியும் பழுதில்லாமல் வந்தன. காலுறையை இனாசிக்கு மாட்டுவது மீனுக்குச் சட்டை போடுவது போல இருக்கிறது. ஆனாலும் தினமும் மாட்டுகிறேன். கால்களை மடக்கி நீட்டுகிறேன். என்னை அவன் திட்டுகிற வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

நீ சொன்ன தடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு முறை தெரியாது.

முதலாவது, மிசஸ் ஹால்பர்ன். பத்து நாளுக்கு மாற்று ஆள் வைக்கலாம் அல்லவா? இரண்டாவது, முழங்கால். நடைபாதை ஓரத்து இருக்கை கேட்டால் காலை நீட்டிக்கொள்ளலாமாம். தோர்லாவின் விடுதிக்கு வந்த ஒருவரிடம் விசாரித்தேன். மூன்றாவது, ரோசா. உன் அடுத்த வீட்டுத் தோழி அவளோடு மருத்துவமனைக்குப் போவதுண்டு என்று முன்பு எழுதியிருந்தாய். பத்து நாள் போகமாட்டாரா? நான்காவதாக வேறு ஏதாவது இருந்தால் சொல். அதற்கும் யோசிக்கிறேன்.

நேற்று மாலை இனாசியைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாற்காலியின் கால்கள் மணலில் புதைந்து அவன் ஒருபக்கம் சாய்ந்தான். சரி செய்ய நான் குனிந்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா என்ன சொல்றா?"

"யோசிக்கிறா."

"என்ன யோசனை? இது என்ன கல்யாண சம்பந்தமா?"

"முழங்கால் வலியாம்."

"எனக்கு ரெண்டு காலும் இல்ல, நானே போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் என் சட்டையை அவன் விடவில்லை. கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

லாலி, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். தொண்ணூற்றேழில் அம்மாவை அடக்கம் செய்தபோது நீ வருவாய் என்று ஒரு நாள் முழுக்கச் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். வெயில் காலம். பாதிரியார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அதை நான் மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த முறையும் நீ வராவிட்டால் அதை மறக்க முடியுமா என்று தெரியவில்லை. இப்படி எழுதியது தவறாக இருக்கலாம். தவறு என்றால் மன்னித்துவிடு.

உன் அண்ணன்,
தாசியோ


லாஸ் ஏஞ்சலஸ்
3 ஜூலை 2009

அண்ணா,

நான்காவதாக ஒன்று இருக்கிறது.

இந்த நாட்டில் இருக்க என்னிடம் காகிதம் இல்லை. நான் இங்கே வந்தது மெக்சிகோ வழியாக, ஒரு காய்கறி வண்டியில், வெங்காய மூட்டைகளுக்கு அடியில். உனக்கு விமானத்தில் வந்ததாக எழுதினேன். 1982 மார்ச் மாதம். பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். 1982 ஜனவரி ஒன்றாம் தேதிக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் காகிதம் கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது. நான் பதினொரு வாரம் பிந்திவிட்டேன். இரண்டு வக்கீல்களிடம் கேட்டேன். மறைந்து நுழைந்தவளுக்கு இங்கே பிறந்த மகளாலும் வாங்கித்தர முடியாது என்றார்கள்.

ரோசாவோடு என் தோழி பத்து நாள் போவாள். நீ சொன்னது சரி. ஆனால் அது பத்து நாள் இல்லை. நான் கிளம்பினால் திரும்பி வர முடியாது. அவளை அந்த இயந்திரத்திலிருந்து பிரித்து நம் ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது. ஊசி குத்தும்போது அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். இருபத்தாறு வயது ஆகியும் அப்படித்தான்.

அம்மா போன அன்று நான் பெட்டி கட்டிவிட்டேன் அண்ணா. ஒரு மாற்று உடை, கறுப்புச் செருப்பு. அப்போது ரோசாவுக்குப் பதினான்கு வயது, நோய் தொடங்கிய வருடம். வாசல்வரை வந்தேன். தோழி கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். "போனா அவ்ளோதான் லாலி. இந்தப் புள்ளைக்கு யாரு?" என்றாள். அந்தப் பெட்டியை ஒரு வாரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. ஒரே வரி. 'இனி நீ வரவேண்டிய அவசியம் இல்லை.' கீழே தேதி, கையெழுத்து. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பள்ளி ஆண்டுமலர் ஒன்று அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? அதில் நீ எழுதியிருந்தாய்: 'என் தங்கை அமெரிக்காவில் நிலைபெற்றுவிட்டாள்.' அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்ததாகவும் எழுதினாய். அதற்குப் பிறகு நான் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

உன் ஐந்தாவது காரணத்தை மறுபடியும் படித்தேன். 'வருவது எளிது.' மிசஸ் ஹால்பர்னுக்குப் படித்தபோதும் அந்த வரியில் மட்டும் எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

யாரிடமும் சொல்லாதே. பெர்னதினுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

லாலி


ஹாப்கின்ஸ்
18 ஜூலை 2009

என் லாலிக்கு,

இந்தக் கடிதத்துக்கு அட்டவணை இல்லை. உன் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு பள்ளிச் சான்றிதழ் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த ஒற்றை வரியை நான்தான் எழுதினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எழுதி முடித்ததும் நல்ல வாக்கியம் என்று எனக்குத் தோன்றியது நினைவிருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்க எப்படி எழுதினாலும் மறுபடியும் ஒரு நல்ல வாக்கியமாகவே வருகிறது. கிழித்துவிட்டேன்.

ஒரு மாற்று இருக்கிறதா என்று பார்த்தேன். மிஸ் பெத்ராவின் வீட்டுக்குப் போனேன். அவர் மரவள்ளி துருவிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையால் வரவே முடியாத நிலை இருந்தால் இரண்டு பேரோடு நடத்தலாமா என்று கேட்டேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

"வாத்தியாரே, அம்மா மூணுன்னு சொன்னா மூணுதான். கணக்குச் சொல்லிக்குடுத்தவரு நீங்கதானே?"

"முடியாத காரணம் இருந்தா?"

"என்ன காரணம்?"

நான் சட்டைக்குள் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். "காரணத்தச் சொன்னா அம்மாகிட்ட கேட்டுப் பாக்கலாம். சொல்லாத காரணத்த நான் எப்படிக் கொண்டுபோய் நீட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தள்ளிப்போடவும் முடியாது. சடங்குக்கு மீன் பிடிக்கக் கடல்திட்டுக்குப் போகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். சிகாகோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் உறவுகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று கடையில் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தேன். பெர்னதின் என் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "பெத்தவ சாவுக்கே வராதவ, தம்பி காலுக்கா வரப்போறா? அவளுக்கு அங்க குளிர்சாதன வீடு இருக்கு. இங்க வந்து அவ மணல் ஈக்கிட்ட கடிவாங்கணுமாக்கும்." கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியும். சொல்ல முடியாது. சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அது ஒரு மூலையில் கிழிந்து கொட்டிக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

உன்னைப் பற்றி ஒருவர் தவறாகப் பேசும்போது சும்மா நிற்பதுதான் உனக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி என்று ஆகிவிட்டது.

இனாசியிடம் மட்டுமாவது சொல்லலாமா? நீ சரி என்றால் மட்டும்.

தாசியோ


லாஸ் ஏஞ்சலஸ்
1 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அண்ணா,

தபாலில் போட்டால் பிந்தும் என்று ஊருக்கு வருகிற ஒருவர் பெட்டியில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டிய பிறகு மேலே நாடாவும் ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் உனக்குத் தெரியும்.

இனாசியிடம் சொல்ல வேண்டாம். அவனை எனக்குத் தெரியும். தெரிந்தால் சடங்கே வேண்டாம் என்பான், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். என் மேல் கோபத்தோடு இருக்கட்டும். கோபம் இருக்கிற வரை ஆள் இருப்பான்.

பெர்னதின் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் தவறு. குளிர்சாதனம் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஒரே ஒன்று கேட்கிறேன். பெண்கள் சுண்டுவிரல் கோர்த்து வரிசையாக நின்று பாடும்போது, பெர்னதினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் விடச் சொல். அம்மா இருந்த நாளிலிருந்து அது என் இடம். புதன்கிழமை மூன்று மணிக்குத்தானே அது? இங்கே அப்போது இரண்டு மணி. மிசஸ் ஹால்பர்ன் தூங்குகிற நேரம். நான் சமையலறையில் எழுந்து நிற்பேன். பாட்டு இன்னும் மறக்கவில்லை.

அது போதுமா என்று எனக்குத் தெரியாது. என்னால் முடிந்தது அதுதான்.

லாலி


ஹாப்கின்ஸ்
19 ஆகஸ்ட் 2009

அன்புத் தங்கை லாலிக்கு,

நாடா பிரிபடாமல் வந்தது. எல்லாம் முடிந்தது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இடையில் என் அபிப்பிராயம் வந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் படி.

திங்கட்கிழமை காலை திட்டிலிருந்து படகுகள் நண்டும் மீனுமாக வந்தன. எல்லாரும் செம்மஞ்சள் உடையில் கரையில் நின்று மேளத்தோடு எதிர்கொண்டோம். நீ அனுப்பிய துணி ஒன்பது பேருக்கு வந்தது. இனாசியைச் சடங்கு வீட்டின் பக்கத்து அறையில் ஊஞ்சல் படுக்கையில் கிடத்தினோம். அங்கிருந்தே எல்லாம் தெரியும். வந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் தலையைத் தூக்கிப் பார்த்தான். செவ்வாய் மாலைக்குப் பிறகு தூக்கவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெர்னதினிடம் இடம் விடச் சொல்லியிருந்தேன். "யாருக்கு? காத்துக்கா?" என்று கேட்டாள். ஆனாலும் விட்டாள். பாட்டுத் தொடங்கும் முன் மிஸ் பெத்ரா கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு வரிசையில் வந்து, ஒவ்வொருவர் முன்பும் நின்று, யார் என்று கேட்டார். அம்மாவுக்கு அறிவிப்பதற்காக. ஒவ்வொருத்தியும் "நுகுயா" என்று சொல்லித் தன் பெயரையும் சொன்னாள். பெர்னதின் சொன்னாள். அடுத்தது உன் இடம்.

மிஸ் பெத்ரா அங்கேயும் நின்றார். யார் என்று கேட்டார். எல்லாரும் அந்த இரண்டடி மண்ணைப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டும் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள், அடுத்தவளிடம் போய்விடுவார்.

நான் ஆண்கள் பக்கத்தில், கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் எப்போதும் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பேன். எப்படிப் போனேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. போய் அந்த இடத்தில் நின்றேன். "நுகுயா, லாலி" என்றேன்.

மேளம் அடிப்பவன் ஒருவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். சிகாகோவிலிருந்து வந்தவர்கள் புரியாமல் மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தாமதமாகச் சிரித்தார்கள். பெர்னதின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லாலி, உனக்கு மீசை எப்ப மொளச்சுது?" என்றாள். ஆனால் சுண்டுவிரலை நீட்டினாள். நான் கோர்த்துக்கொண்டேன். மிஸ் பெத்ரா சிரிக்கவில்லை. நெடுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்தவளிடம் போனார். பாட்டு முழுவதும் நின்றேன். உனக்கு அங்கே இரண்டு மணி.

எனக்கு அந்தச் சொல் புதிதில்லை. உனக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, நீ அப்போது கைக்குழந்தை. அப்பா கடலிலேயே இருந்த வருடங்களில் நான் அம்மாவிடம் மட்டும் பேசிப் பேசி, ஒன்பது வயது வரை 'நுகுயா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் பையன்கள் என்னைச் சுற்றி நின்று அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள். அதன் பிறகு எந்தச் சொல் சரி என்று யோசித்து யோசித்தே பேசப் பழகினேன். பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன், அதில் ஒரே சொல்தான். நான் வாத்தியாரானதும் வகுப்பில் நம் பேச்சையே அனுமதிக்காததற்குக் கல்வித்துறை விதி என்று காரணம் சொல்வேன். விதியும் இருந்தது. அது மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு மிஸ் பெத்ராவிடம் கேட்டேன், அம்மா ஏற்றுக்கொண்டாரா என்று.

"சாப்பிட்டாங்க. வயிறு நெறஞ்சுதான் போனாங்க. ஆனா போகும்போது வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான் வாத்தியாரே. நான் பாத்தது அவ்வளவுதான்."

இனாசியின் கால்கள் இருந்தபடியே இருக்கின்றன. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், மாற்றம் இல்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வருத்தப்படாதே என்று எழுதவும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவனுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலத் திட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா செத்துட்டாளா?"

இல்லை என்றேன்.

"செத்தவங்களுக்குத்தான் இன்னொருத்தர் பேர் சொல்வாங்க. எங்கிட்ட மறைக்காதே."

"இருக்கா இனாசி. நல்லா இருக்கா. உனக்கு இந்தக் காலுறை அனுப்பினவ அவதானே."

"அப்ப ஏன் வரல?"

உனக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. காலுறையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு யோசித்தேன். என்ன சொன்னாலும் பொய்யாகவோ துரோகமாகவோ ஆகும் என்று தோன்றியது. கடைசியில், "வரலன்னு இல்ல. வர முடியல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

நான் இன்னொரு காலுக்கும் மாட்டி முடித்தேன்.

"முடியலன்னா, என் காலு மாதிரி முடியலயா?"

"ஆமா" என்றேன்.

அதன் பிறகு அவன் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பெர்னதின் நேற்று கஞ்சி கொண்டுவந்து, உன்னைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். "அக்காவப் பத்திப் பேசறதா இருந்தா கஞ்சிய எடுத்துட்டுப் போ" என்றான். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவளே திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். நான் வாக்கை மீறிவிட்டேனா என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

தெருவில் இப்போது என்னை மிஸ் லாலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் படித்தவர்கள்கூட. திரும்பிப் பார்க்கிறேன்.

துண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். பச்சை நிறத்தில் புலியின் கால்தடம் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. ஐந்தாவது காரணத்தைப் பற்றி நீ எழுதியதை யோசித்தேன். வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்து அது சரியாகவே இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் மூன்றாவது காரணம் யாருக்குமே சரியில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆண் 'நுகுயா' என்று சொல்லமாட்டான் என்று எழுதினேன். அது தவறு. எழுதும்போதே எனக்குத் தெரிந்த தவறு. தோர்லாவிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் விடுதிகளுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது சார் என்றாள். உன் பிரதியில் மட்டுமாவது அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடு.

உன் அண்ணன்,
தாசியோ